பெருக்க வேண்டியவர்கள் பட்டியல்

சாக்கடைக்குள் இறக்கிவிடப்பட்ட என் மச்சான், தங்கையின் புருஷன், பிணமாகத்தான் மேலே வந்தான். நியாயம் கேட்டு, தெருப் பெருக்கும் நாங்கள் பன்னிரண்டு பேரும் ஊர்வலம் போவதென்று முடிவு செய்தோம். அனுமதி வாங்க நான் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன்.

என்னைப் பார்த்ததும் குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் குளித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

"ஊர்வலம் முடிஞ்சதும் தெருவைப் பெருக்க ஆளுங்க பேரு குடுக்கணும். அது விதி."

"பெருக்குற ஆளுங்களே நாங்கதான் சார்."

"அப்ப நீங்களே நடங்க, நீங்களே பெருக்குங்க. பேரை எழுது."

காகிதத்தை வாங்கி எழுதினேன். பத்து வருஷமாக நான் எழுதும் எங்கள் வருகைப் பட்டியல் மச்சான் பெயரில்தான் தொடங்கும். பழகிய கை அவன் பெயரையே முதலில் எழுதிவிட்டது. எங்கள் பன்னிரண்டு பேரையும் எழுதிவிட்டு அதை அடிப்பதற்குள் குமாஸ்தா காகிதத்தைப் பிடுங்கி முத்திரை குத்தினார்.

"சார், அது செத்தவன் பேரு. அவனுக்காகத்தான் ஊர்வலமே."

"முத்திரை விழுந்தாச்சு. இனி மாத்த முடியாது. அடுத்த ஆள் வாங்க."

மச்சான் படத்தைத் தங்கை சுமந்துவர, ஊர்வலம் போனோம். முடிந்ததும் நடந்த தெருவை நாங்களே பெருக்கினோம்.

அடுத்த வாரம் தங்கை வீட்டுக்கு மாநகராட்சிக் கடிதம் வந்தது. நிவாரணமாக இருக்குமென்று பதறிப் பிரித்தாள். ஊர்வலத்தன்று பெருக்க வராததற்கு, மச்சான் மூன்று நாளுக்குள் நேரில் வந்து விளக்கம் தர வேண்டுமாம்.