பிரேக்கின் முதல் டிக்ளேர்

லிஃப்ட் ஒழுங்காக மேலே போய்க் கீழே வந்தது என்பதற்காக மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கியவர் இதுவரை யாரும் இல்லை. பாதியில் நின்றால்தான் அந்த ஆள் எங்கே என்று தேடுவார்கள். அந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவருக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும், கிரிக்கெட்டிலாவது யாராவது கை குலுக்குவார்கள் என்று நம்பினார் பாருங்கள், அங்கேதான் வினை.

பழுது பார்க்கப் போனால் அவர் முதலில் தொடுவது மோட்டாரை அல்ல. மொட்டைமாடி அறையில் கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே குனிந்து, பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நகத்தால் தடவிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். கிளப் அணிக்குக் கேப்டனானபோது இந்தக் குணமும் பையோடு கூடவே வந்தது. ஆட்டக்காரர்கள் அவருக்கு ‘பிரேக்’ என்று பெயர் வைத்தார்கள். முகத்துக்கு நேரே மட்டும் ‘அண்ணே’.

அவர்கள் ஆடும் போட்டியில் இறுதி ஆட்டம் மூன்று நாள் நடக்கும். டிராவில் முடிந்தால், முதல் இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்தவர்களுக்குக் கோப்பை. இந்த விதியை அவர் நேசித்ததுபோல் அதை எழுதியவரே நேசித்திருக்க மாட்டார். முதல் இன்னிங்ஸில் முந்திக்கொள்வார். அப்புறம் பார்க்கிறவர்கள் கொட்டாவி விட்டு எழுந்து போகும்வரை, பந்தை அடிக்காமல் தடுத்துக் கட்டை போடச் சொல்வார். எதிரணிக்கு ஜெயிக்க நேரமே மிஞ்சாது. மூன்று வருஷமாகக் கோப்பை இப்படித்தான் வந்தது. கேப்டன் வீட்டில் வைப்பது வழக்கம் என்பதால் அவர் வீட்டு ஃபிரிட்ஜின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. வந்து பார்க்க ஓர் ஈ காக்கா இல்லை.

இந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் கிளப் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். கசப்பானதைக் கொடுத்துப் பழகிய கை.

“கோப்பை வருது, இல்லைன்னு சொல்லலை. ஆனா ஆட்டம் பாக்க ஆள் வரமாட்டேங்குதே! இந்தத் தடவையும் டிரான்னா அடுத்த வருஷம் உங்க மச்சினன்தான் கேப்டன். தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். கேப்டன் பதவி போனால் தான் வெறும் லிஃப்ட்காரன் என்பது அவருக்குத் தெரியும். நிஜமாகவே பயந்துபோனார்.

மச்சினன் என்பது மனைவியின் தம்பி. அணிக்குத் துணைக் கேப்டன். பைக் ஷோரூமில் வேலை. விலை கேட்க வந்தவன் யோசிப்பதற்குள் சாவியைக் கையில் திணித்துவிடுகிற ஆசாமி. மட்டையைப் பிடித்தாலும் அதே அவசரம்தான்.

மூன்றாம் நாள். முதல் இன்னிங்ஸில் முந்தியாகிவிட்டது. இரண்டாவதிலும் ரன் குவிந்துகொண்டிருந்தது. இங்கே நிறுத்தி, ‘எங்களுக்குப் போதும், நீங்க ஆடுங்க’ என்று டிக்ளேர் செய்தால் ஜெயிக்கவும் செய்யலாம், தோற்கவும் செய்யலாம். காலை முழுக்க யோசித்த பிரேக், வழக்கமான முடிவுக்கே வந்தார். கோப்பையோடு போய் நின்றால் பதவியைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்? சாயங்காலம்வரை ஆடுவோம்.

களத்தில் இருந்த மச்சினனோ பந்தை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். ஒரு கேட்ச் நூலிழையில் தவறியது. பிரேக் பதறி எழுந்து, இரண்டு கைகளையும் தூக்கிக் கீழே கீழே அழுத்தினார். மெதுவா, மெதுவா! மனைவி ஸ்கூட்டரை எடுக்கும்போதெல்லாம் வாசலில் நின்று காட்டுகிற அதே சைகை. மச்சினன் அக்கா வீட்டில் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தவன்.

இப்போதும் சிரித்தான். அந்தச் சைகைக்கு ‘வா’ என்றுதான் அர்த்தம் என்பதுபோல் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “டிக்ளேர்! கேப்டன் கூப்பிடுறாரு” என்று அம்பயரிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

பிரேக் வாயைத் திறப்பதற்குள் மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். “உங்ககிட்ட இப்படி ஒரு நெஞ்சா? நீங்கதான்யா கேப்டன்!” நான் சொல்லவே இல்லை என்ற வார்த்தை பிரேக்கின் நாக்கு நுனிவரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. நடுங்கிப்போன பிரேக் ஆட்களையெல்லாம் எல்லைக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். எதிரணி அதைப் பார்த்து ஆசைப்பட்டுத் தூக்கி அடித்தது, எல்லையிலேயே கேட்ச் கொடுத்தது. “வலை விரிக்கிறாருப்பா!” என்று கூட்டம் வியந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள்கூட மதில்மேல் ஏறிவிட்டார்கள்.

கடைசி ஓவர், கடைசி ஜோடி, எதிரணி ஜெயிக்க இரண்டே ரன். பந்து மச்சினன் கையில்.

“மாமா, கீப்பர் பக்கத்துல ஒரே ஒரு ஸ்லிப் குடுங்க. எட்ஜ் எடுக்கப் போறான்.”

“ஃபோர் போயிடும் மாப்ளே. எல்லாரும் கோட்டுலயே நிக்கட்டும்.”

“ரெண்டு ரன்தானே வேணும் அவங்களுக்கு!”

பிரேக் அசையவில்லை. பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, ஸ்லிப்பில் ஆள் நின்றிருந்தால் வயிற்றில் வந்து விழும் உயரத்தில், யாருமற்ற இடத்தில் சாவகாசமாகப் போனது. எல்லைக்கோட்டிலிருந்து ஒருவன் மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள் இரண்டு ரன் ஓடிவிட்டார்கள்.

கோப்பை போயிற்று. ஆனால் சாயங்காலம் பிரேக்கின் வீட்டில் நிற்க இடமில்லை. “தோத்தாலும் இதுதான்யா ஆட்டம்” என்றார்கள். “அடுத்த வருஷமும் நீங்கதான் கேப்டன்” என்று செயலாளர் ஹாலின் நடுவில் நின்று அறிவித்தார்.

சமையலறையில் மச்சினன் பல்லைக் கடித்தான். “ஸ்லிப் வச்சிருந்தா கோப்பை இங்க இருந்திருக்கும் மாமா.”

“நீ வாயை மூடிக்கிட்டு ஆடியிருந்தாலும் இங்கதான் இருந்திருக்கும்.”

“அப்போ போய்ச் சொல்லுங்க, நான் டிக்ளேர் பண்ணலைன்னு.”

“நீ போய்ச் சொல்லு, கேப்டன் பேச்சைக் கேக்காம கோப்பையைத் தொலைச்சது நீதான்னு.”

இரண்டு பேரும் நகரவில்லை. டீ ஊற்றிக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை. “அந்தக் கைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? மூணு வருஷம் தினம் அந்தக் கோப்பையைத் தொடச்சவ நான், வந்து பாக்கத்தான் ஒரு ஆள் இல்லை. ஆறிப்போகுது, எடுத்துட்டுப் போங்க.”

பிரேக் தட்டை ஏந்திக்கொண்டு ஹாலுக்கு வந்தார். ஃபிரிட்ஜின் தலையில் கோப்பை இருந்த இடம் வட்டமாக வெளுத்துக் கிடந்தது. அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

“அண்ணே, டிக்ளேர் பண்ணப்போ மனசுல என்ன நினைச்சீங்க?”

“ஒண்ணுமே நினைக்கலைப்பா” என்றார். அன்று ஹாலில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதற்குத்தான் கைத்தட்டல் அதிகம்.

மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்து கையை நீட்டினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பிரேக் தட்டை மேஜைமேல் வைத்தார். ஆடாமல் நிற்கிறதா என்று விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். அப்புறம்தான் கையைக் கொடுத்தார்.