அன்னாளுக்குத் தாலி கட்டிய கதை

1

கமிட்டி என்னிடம் கேட்டது அரைப்பக்க விளக்கக் கடிதம். எழுத உட்கார்ந்தால் கதையாக வருகிறது. நான் என்ன செய்யட்டும்? இருபது வருடம் சபைக் காரியதரிசியாகக் கூட்டக் குறிப்பு மட்டுமே எழுதியவனுக்கு முதல்முறையாகக் கை பரபரக்கிறது. சிரிப்பு வேறு அடங்கமாட்டேன் என்கிறது. போதகர் ஐயாவும் கமிட்டியாரும்தான் என் வாசகர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "1876ஆம் ஆண்டு, மழை கொட்டிய ஒரு..." மழை கொட்டியதா என்று யார் கண்டது? அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "பொம்மை செய்த மகேஸ்வரி தவறாகப் புரிந்துகொண்டதால்..." இதையும் அடித்துவிட்டேன். காரணம் பிறகு. (தைரியம் வந்தால்.)

மூன்றாவது: ஒரு பாட்டு இருக்கிறது. கல்யாணம், கிறிஸ்துமஸ், வீடு பிரதிஷ்டை, எதுவானாலும் நம் சபை கைதட்டிப் பாடுகிற பாட்டு. வரிகளை இங்கே தரமாட்டேன். தந்தால் பாட ஆரம்பித்துவிடுவீர்கள், கதை நின்றுபோகும்.

எழுதியவர் அன்னாள், மிஷன் பள்ளி ஆசிரியை, கல்யாணமே செய்துகொள்ளாதவர். காலராவில் தங்கையைப் பறிகொடுத்து, அழுதழுது எழுதினார். மெட்டுப் போட்டவர் ஆபிரகாம் பழமலை, சேத்தியாத்தோப்பில் உபதேசியார். தபாலில் வந்த அந்த ஒப்பாரிக்கு மனிதர் போட்டது அசல் கும்மி மெட்டு! பாட்டு ஊர் ஊராகப் பற்றிக்கொண்டது. "என் அழுகைக்கு உம்மை யார் கைதட்டச் சொன்னது?" என்று அன்னாள் எழுத, "உம் தங்கை பரலோகத்தில் ஆடிக்கொண்டிருக்கிறாளே அம்மா, அதற்குத்தான்" என்று இவர் பதில் எழுத, பதினாறு வருடம் கடிதத்திலேயே சண்டை. நேரில் ஒருமுறைகூட இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

(ஆபிரகாம் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. ஒப்பாரியைக் கும்மியாக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு திமிர், அல்லது எவ்வளவு துக்கம்... இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.)

3

பாட்டுக்கு நூற்றைம்பது வயது. இருவரையும் பொம்மையாகச் செய்து வீட்டுக்கொன்று கொடுப்பதென்று முடிவு செய்தீர்கள். ஆர்டர் மகேஸ்வரிக்குப் போனது. பன்னிரண்டு வருடம் ஒரு செராமிக் யூனிட்டில் கூலிக்கு உழைத்தவள். இனி என் பெயரிலேயே செய்கிறேன் என்று முதலாளியிடம் நிமிர்ந்து சொல்லிவிட்டு, சூளையை வாடகைக்குப் பிடித்து எடுத்த முதல் ஆர்டர். இது திரும்பினால் அவளும் அதே வாசலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வியாழக்கிழமை பெட்டிகளைப் பிரித்தோம். வைக்கோலை விலக்கினால், ஐயோ, ஒரே பீடத்தில் தோளோடு தோள் ஒட்டி அன்னாளும் ஆபிரகாமும்! அவருக்குச் சரிகை வேட்டி. அந்த அம்மாவுக்கு நெற்றியில் பொட்டு, முகத்தில் வெட்கம், கழுத்தில் தங்க நிறத்தில் தாலி. அப்படியே நூறு ஜோடி. போதகர் ஐயா நாற்காலியைத் தேடினார். நான் சிரித்துவிட்டேன். அதுவும் என் குற்றப்பட்டியலில் இருப்பதாகக் கேள்வி.

4

மகேஸ்வரியைக் கேட்டேன். அவளுக்கு நம் திகைப்புதான் புரியவில்லை. கொலுவுக்குப் போகிற பொம்மைகளில் பழகிய கை அது. ஆண் ஒன்று பெண் ஒன்று என்று ஆர்டர் வந்தால் ஜோடிதான். ஒரே பீடம், கட்டாயம் தாலி. தனித்தனி வேண்டுமென்றால் சீட்டில் 'ஒத்தை' என்று எழுதியிருக்க வேண்டும். அவர்கள் பதினாறு வருடம் சண்டை போட்டவர்கள் என்றேன்.

"பதினாறு வருசம் வுடாம சண்டையா? அப்ப புருசன் பொண்டாட்டிதானே சார்."

இதற்கு வேதாகமத்தில் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, தைரியம் வந்துவிட்டது. சீட்டை எழுதியது நான். "பாட்டுக்காரர்கள்: ஆண் 1, பெண் 1. நூறு செட்." அவ்வளவுதான் எழுதினேன். சுருக்கமாக எழுதுகிறவன் என்று எனக்குள் ஒரு பெருமை. மாதிரி பார்க்க வாங்க என்று இரண்டு முறை கூப்பிட்டாள், போகவில்லை. என் சோம்பலுக்கு அவளைப் பலிகொடுக்க அந்த இரண்டாம் தொடக்கத்தில் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

5

முடிவுகள்.

அ) டைல்ஸ் அறுக்கிற மெஷினால் இருவரையும் பிரிப்பது. இதைச் சொன்னதும் மகேஸ்வரி ஒரு பொம்மையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். இருவருக்கும் நடுவில் ஒரு தாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்திருக்கிறார்கள்.

"தாலி, பொட்டு ரெண்டையும் உப்புத்தாள் போட்டு எடுத்துத் தரேன் சார். நடுவுல அறுத்தா பாட்டுல்ல போயிடும்."

ஆ) எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவது. "மகேஸ்வரி தலைகுனிந்து பழைய யூனிட்டின் கேட்டைத்..." மாட்டேன். என் கை எழுதாது.

இ) அன்னாளும் ஆபிரகாமும் பரலோகத்திலிருந்து இறங்கி வந்து சமரசம்... வேண்டாம். வந்தால் சண்டை மறுபடி ஆரம்பித்துவிடும்.

6

ஈ) இதை எழுதப்போவதில்லை. தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தாயிற்று. காரியதரிசி பதவியை நாளைக்கே பிடுங்கிக்கொள்ளுங்கள். பொம்மைகளை என்ன செய்வது என்பது உங்கள் தீர்மானம். கை தூக்குங்கள், எண்ணிக்கொள்ளுங்கள்.

மகேஸ்வரி காலையிலிருந்து கமிட்டி அறை வாசலில் நிற்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எந்த முடிவானாலும் கடிதமாக என்னிடம் தராதீர்கள். எழுந்து போய், அவள் முகத்தைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள்.