கிழங்கு தோண்டியவர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

பதினான்கு வருடங்களாக ஒரே நாவலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். ஒரு விவசாயக் குடும்பம், காது மந்தமான அப்பா, இரண்டு பெண்கள், அழுகிப்போன உருளைக்கிழங்கு. செவ்வியல் படைப்பு என்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள், என் வயிற்றெரிச்சலே அதுதான். விவசாயக் குடும்பத்தை வைத்து நானும் இரண்டு நாவல் எழுதினேன். இரண்டும் அலமாரியின் மேல்தட்டில் தூங்குகின்றன. (அவற்றைப் பற்றி இதற்குமேல் பேசமாட்டேன். முதலாவது அவ்வளவு மோசமில்லை.)

2

'அன்று வானம் அழுதுகொண்டிருந்தது' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். வெயில் கொளுத்திய நாள் அது. நாவலாசிரியர் பிறந்த பண்ணைவீட்டுக்கு என் மாணவிகளைக் கூட்டிப்போயிருந்தேன். நாவலாசிரியர் என்றைக்கோ நகரத்துக்குப் போய்விட்டவர். அங்கே இருப்பது அவருடைய அக்கா. எழுபத்தோரு வயது, ஆறு மாடுகள், யாருடைய துணையும் கிடையாது. நாவலில் வரும் மூத்த பெண் இவர்தான்.

நாங்கள் கொட்டகைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். அவர் பாட்டுக்குப் பால் கறந்துகொண்டிருந்தார். ஒரு மாணவி கேட்டாள்:

"நாவல்ல மூத்தவளுக்கு எழுதப் படிக்கவே தெரியாதே. உங்களுக்குத் தெரியுமா?"

கறந்த கை நின்றது.

"தெரியுமாவா? அந்தப் புத்தகத்தை எழுதினதே நான்தான்."

3

ஏன் அப்படிச் சொன்னார்? கதையின் இந்த இடத்தில் காரணம் பிடிபடாமல் ஒரு வாரம் பேனாவை மூடி வைத்தேன். வருகிறவர்கள் எல்லாரும் கிணற்றைப் படம் பிடித்துக்கொண்டு, 'இங்கதான் அவங்க எழுதினாங்களா?' என்று கேட்டுவிட்டுப் போவார்களாம். இவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்ட ஒருத்தியும் எழுத்து தெரியுமா என்றுதான் கேட்டாள். அந்த நொடியில் வாய் முந்திக்கொண்டது. அப்படித்தான் இருக்கவேண்டும்.

ஆனால் நான்? பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நாளிதழின் ஞாயிறு இணைப்புக்கு எழுதி அனுப்பினேன். 'நாவலை எழுதியது யார்?' என்று தலைப்பு. அந்தக் கேள்விக்குறிதான் என் நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் நான் ஆசைப்பட்டது

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. உங்களுக்கே தெரியும்.)

4

கட்டுரை வந்ததற்கு அடுத்த புதன்கிழமை, நாவலாசிரியரான தங்கை பண்ணைக்கு வந்தார், கையில் ஒரு செருப்புப் பெட்டியோடு. என்னையும் ஒரு நிருபரையும் வரச்சொல்லியிருந்தார். ரத்தக்களரி ஆகப்போகிறது என்று நினைத்தேன். சமையலறை மேசையில் பெட்டியைத் திறந்தார். உள்ளே கட்டுக்கட்டாகக் கடிதங்கள்.

"டீச்சர் எழுதினது சரிதான்" என்றார் நிருபரிடம். "இது அக்காவோட நாவல். நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப வாரம் தவறாம லெட்டர் போடுவா. நான் அதைக் கோத்தேன், அவ்வளவுதான்."

அக்கா முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். கறுத்தது.

"கிழங்கு தோண்டின லெட்டரைப் படி" என்றார்.

தங்கை தயங்கினார்.

"படிடி."

"'கிழங்கு அழுகிப்போச்சு. கடைசி வரிசை வரைக்கும் தோண்டினேன். ஒரு கூடை தேறுச்சு. முதுகு வலி. உனக்கு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கேன்.'"

நாவலில் அது ஒன்பது பக்கம். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் அதைப் படிக்கும்போது நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். எதையோ அழிப்பது மாதிரி சமாளிப்பேன்.

"கேட்டீங்கள்ல?" என்றார் அக்கா. "இதுல நாவல் எங்க இருக்கு? இவ பொய் சொல்றா. நான் ஆத்திரத்துல ஒரு பொய் சொன்னேன். அதையும் எங்கிட்டயிருந்து வாங்கி, அழகாக்கி, தன்னோட பெருந்தன்மையாக்கிட்டா!"

"அக்கா, நான் உனக்காகத்தான்..."

"எனக்காகவா? குனிஞ்சது என் முதுகுடி. நீ அங்க இல்லவே இல்ல. எனக்கு எந்த இடத்துல வலிச்சுதுன்னு எப்படிடி அவ்வளவு சரியா எழுதின? நாற்பது வருஷமா அதுதான் எனக்குத் தாங்கல."

தங்கை கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். "தெரியலக்கா" என்றார்.

இருவரும் கட்டிப்பிடித்து அழுததாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். தங்கை கோபித்துக்கொண்டு போனதாக இன்னொன்று. இரண்டும் நடக்கவில்லை. கறக்கும் நேரம் ஆகிவிட்டதென்று அக்கா எழுந்தார். தங்கையும் பின்னாலேயே போய் வாளியைப் பிடித்தார்; சாய்த்துப் பிடித்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த ஞாயிறு, நாவலை எழுதியவர் நாவலாசிரியரே என்று நாளிதழ் இரண்டு வரியில் திருத்தம் போட்டது.

5

அந்தப் புதன்கிழமை நான் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தார்.

"டீச்சர், அடுத்த தடவை வரப்ப ஒரு நோட்டு வாங்கிட்டு வாங்க. கோடு போட்டது. தடியா."

"எதுக்கும்மா?"

"மூணு நாலு வரிக்கு மேல வருதான்னு பார்க்கிறேன்."

அன்றே வாங்கிவிட்டேன், இருநூறு பக்கம். மூன்று வாரமாகிறது, இன்னும் கொடுக்கவில்லை. நாலு வரிக்கு மேல் வந்துவிட்டால்? எழுபத்தோரு வயதில் உட்கார்ந்து, ஒரு பிழை விடாமல், இதுவரை யாருமே எழுதாததை அவர் எழுதிவிட்டால்? ஒரு வீட்டில் எழுதுகிற ஒருத்தியைச் சகித்துக்கொள்வதே எனக்குப் பெரும்பாடு.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் படித்துக்கொண்டிருக்கிற இந்தக் கதையை அந்த நோட்டில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடித்ததும் திருத்தியதுமாக இருபத்திரண்டு பக்கம் போய்விட்டது. அவற்றைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாம். தைத்த நோட்டு, கிழித்தது தெரியும். வேறு நோட்டு வாங்கலாம். கடை பள்ளிக்கு எதிரிலேயே இருக்கிறது, தினமும் அதைக் கடந்துதான் வீட்டுக்கு வருகிறேன். அப்படியே கொடுத்து, 'உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கேன்' என்றும் சொல்லலாம். அவருக்கு அது இரண்டாம் முறை.

பண்ணைப் பக்கம் போகும் பஸ் நாளை காலை எட்டேகாலுக்கு. இதன் முடிவை நான் எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். அதனால் நீங்கள் எழுதுங்கள்.