இரத்தினம்மா தூள் டொட் கொம்

வெப்சைட் செய்து தரச்சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் நிறத்தையோ படத்தையோ பற்றிக் கேட்பதில்லை. "டொமைனை, அதுதான் வெப்சைட்டின்ரை விலாசத்தை, ஆரின்ரை பேரிலை எடுக்கிறது?" என்றுதான் கேட்பேன். உடனே ஒரு சிரிப்பு வரும். "அதென்ன பெரிய விசயமே தங்கச்சி? கனடாவிலை அண்ணை இருக்கிறார், அவரின்ரை கார்டிலை போட்டுவிடுங்கோ." எனக்கு அந்த இடத்திலேயே பற்றிக்கொண்டு வரும். காணி உறுதிப் பத்திரம் என்றால் எழுத்துக்கு எழுத்து வாசித்து, சாட்சிக்கு இரண்டு பேரைப் பிடித்து, பிறகும் நம்பாமல் எல்லைக் கல்லைப் போய்த் தொட்டுப் பார்க்கிற சனம் எங்கள் சனம். டொமைன் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வெளிநாட்டில் இருக்கிறவர் பேரில் போட்டுவிடும்.

நான் தயாளினி. நல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு கணினியை வைத்துக்கொண்டு இந்தத் தொழில் செய்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று பெயர் இருக்கிறது, அது பொய்யில்லை. ஆனால் என்ன பிரயோசனம்? குணமக்காவின் விசயத்தில் அந்த நீளமான வாய் ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

குணமக்கா என்றால் நீர்வேலிக் குணலட்சுமி. கலியாணம் கட்டவில்லை. தாய் இரத்தினம்மா செத்த பிறகு, தாய் வறுத்து இடிக்கிற அதே பக்குவத்தில் கறித்தூள் செய்து விற்கத் தொடங்கினார். ரொறன்ரோவில் இருக்கிற தம்பி கேதீஸ்வரன்தான் "அக்கா, இதை இன்ரநெற்றிலை போட்டா இஞ்சத்தைச் சனம் பாய்ஞ்சு விழுந்து வாங்கும்" என்று அவரை என்னிடம் அனுப்பி வைத்தார். தாயின் பெயரில் டொமைனைத் தேடிப் பிடித்ததும் அவர். தன் கார்டால், தன் பேரில் வாங்கியதும் அவர்.

நான் அன்றைக்கே சொன்னேன். "அக்கா, உங்கடை கடை என்ரை சேர்வரிலை இருக்கு. அதுக்குப் பிரச்சினை இல்லை. ஆனா கடைக்கு வாற ஒழுங்கையின்ரை படலைத் திறப்பு தம்பியிட்டை இருக்கு. அவர் பூட்டினா ஒரு குருவியும் உள்ளை வராது. இப்பவே உங்கடை பேருக்கு மாத்துவம்."

"என்ரை தம்பி எனக்குப் பூட்டுவானோ? போடி விசரி," என்று குணமக்கா சிரித்தார். "என்னட்டைக் கார்டும் இல்லை, கண்டறியாத ஈமெயிலும் இல்லை. அவன் வேறை நான் வேறையோ? அவன்ரை பேரிலையே கிடக்கட்டும்."

கிடந்தது. தூளும் நன்றாகப் போனது. லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஓடர் வந்தது. பொதி கட்டுவதற்கு றொசாந்தி என்ற பக்கத்து வீட்டுப் பெண்ணையும், வறுக்க இன்னும் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு விடுமுறைக்குக் கேதீஸ் அண்ணை குடும்பத்தோடு வந்தார். அவர்களுடைய வாழைத்தோட்டத்தில் தன்னுடைய பாதியை அயலூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காணி அளக்கிற சேவையர் வந்து வாழைக்குள் கயிறு பிடித்தபோதுதான் குணமக்காவுக்குத் தெரியும். வெப்சைட்டுக்குப் படம் எடுக்கவென்று நானும் அன்றைக்கு அங்கே நின்றேன். ஏன் போனேன் என்று இருந்தது.

"அக்கா, நீங்கள் இருக்கிற வீட்டிலை நான் கை வைக்கேல்லை. என்ரை பங்கைத்தான்..." என்று அவர் தொடங்கினார்.

"வாயை மூடு! அம்மா தண்ணி இறைச்ச தோட்டத்தை ஆரோ ஒருத்தனுக்கு வித்துப்போட்டுப் பங்கு கதைக்கிறாய்!" குணமக்கா படலைப் பக்கம் கையை நீட்டினார். "நான் செத்தா நீ இந்தப் படலையைத் தாண்டக்கூடாது. நீ செத்தா எனக்கு ஒருத்தரும் அறிவிக்கக்கூடாது. கேட்டதோ? ஒருத்தரும்!"

அவர்கள் பிடித்து வந்த வான் வண்டிக்குப் பக்கத்தில் அவருடைய மனைவியும் மகள் ஆரணியும் நின்றார்கள். அவர்களுக்கும் நன்றாகக் கேட்டது. கேதீஸ் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு போய் வண்டியில் ஏறினார்.

அடுத்த நாள் குணமக்கா ஓட்டோ பிடித்து என்னிடம் வந்து வெப்சைட்டில் இருந்த தம்பியின் படத்தை நீக்கச் சொன்னார். பெயரையும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

"அப்பிடியே அக்கா, டொமைனையும் வாங்கிவிடுங்கோ. அவருக்கு ஒரு மெசேஜ் போட்டா, பேர் மாத்திறதுக்கான ரகசிய இலக்கம், கோட் எண்டுறது, அதைத் தருவார். இருந்த இருப்பிலை உங்கடை பேருக்கு மாத்தித் தாறன்."

"அவனிட்டைக் கையேந்திறதோ?"

"நீங்கள் ஏந்த வேண்டாம். நான் கேக்கிறன்."

"நீ கேட்டா நான் கேட்ட மாதிரித்தான். கேட்டியோ, பிறகு உன்ரை வாசலுக்கும் வரமாட்டன்."

"அப்ப வேறை பேர் ஒண்டு எடுப்பம்."

"அம்மாவின்ரை பேரை அவனுக்கு விட்டுட்டு நான் வேறை பேரிலை கடை போடுறதோ? என்ன கதை கதைக்கிறாய்?"

அதற்கு மேல் நான் என்ன செய்வது? ஒவ்வொரு வருடமும் டொமைனுக்குக் கட்டிய காசின் தவணை முடிகிற கிழமையில் எனக்குப் பயம் பிடிக்கும். ஒவ்வொரு வருடமும் அது புதுப்பிக்கப்பட்டிருக்கும். நான் சொன்னால் குணமக்கா உதட்டைச் சுழிப்பார். "பாத்தியே, சொந்தம் கொண்டாடுறான். தோட்டம் போனது காணாதெண்டு அம்மாவின்ரை பேரையும் கைக்குள்ளை வைச்சிருக்கப் பாக்கிறான்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தோட்டத்தில் கயிறு பிடித்ததை என் கண்ணாலேயே பார்த்தவள் அல்லவா?

இந்த வருடம் ஆடியில் அது நின்றுபோனது. நல்லூர்க் கொடியேற்றத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. திருவிழாவுக்கு வருகிற வெளிநாட்டுச் சனம் வருவதற்கு முன்னமே தூளுக்குச் சொல்லிவைத்து, போகும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகும். குணமக்காவுக்கு வருடத்தில் பெரிய வியாபாரம் அதுதான். ஒரு நாள் காலையில் றொசாந்தி அழாக்குறையாகப் போனில் அழைத்தாள். "அக்கா, எங்கடை படம் ஒண்டையும் காணேல்லை. ஏதோ விளம்பரம் நிக்குது." நான் பார்த்தேன். தவணை முடிந்திருந்தது. ஒருவரும் புதுப்பிக்கவில்லை.

குணமக்கா வந்து சேர்ந்தபோது முகம் கறுத்துப்போயிருந்தது.

"இனி என்ன நடக்கும்?"

"டொமைன் விக்கிற கொம்பனிக்காரர் கொஞ்ச நாள் பொறுப்பினம் அக்கா. அதுக்குள்ளை அவர் புதுப்பிச்சா வரும். இல்லாட்டி சந்தைக்குப் போகும். எவனும் எடுக்கலாம்."

"அம்மாவின்ரை பேரையோ?"

"ஓம்."

அவர் கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "நாலு சனம் வாற நேரமாப் பாத்து வெட்டியிருக்கிறான். எழுது. அவனுக்கு எழுது. நான் சொல்லுறன்."

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "உன்னை இடுப்பிலை தூக்கி வளர்த்ததுக்கு நீ செய்த கைம்மாறு இது. தோட்டத்தை வித்தாய், இப்ப பெத்த தாயின்ரை பேரையும் சந்தைக்கு விட்டிட்டாய். நீ நல்லா இருக்கமாட்டாய் கேதீஸ்."

கடைசி வரியை நான் வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. எனக்கும் கோபம் தலைக்கேறியிருந்தது. அதற்குக் கீழே என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன்: தனித்திருக்கிற ஒரு பெண்ணின் பிழைப்பில் கைவைத்து என்ன கண்டீர்கள்? என் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் போட்டு அனுப்பினேன்.

"இப்பதான் நெஞ்சு ஆறுது," என்றார் குணமக்கா.

மறுமொழி வரவில்லை. ஆடி வெள்ளிக்கிழமை காலை, நான் தேத்தண்ணியோடு கணினிக்கு முன்னால் இருந்தபோது வட்ஸ்அப்பில் கனடா இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

"தயாளினி அன்ரியோ? நான் ஆரணி. கேதீஸ்வரன்ரை மகள். அப்பாக்கு நீங்கள் அனுப்பின ஈமெயிலை இண்டைக்குத்தான் பாத்தனான்."

"இண்டைக்காவது பாத்தியளே! நல்லது. குடுங்கோ அப்பாட்டை, நான் கதைக்கிறன்."

"அப்பா இல்லை அன்ரி. சித்திரைக் கடைசியிலை மோசம் போட்டார். ஹார்ட் அட்டாக்," என்றது அந்தப் பிள்ளை. "அவரின்ரை கார்டை பாங்க் நிப்பாட்டிட்டுது. அதிலைதான் வெப்சைட்டும் கழியிறது எண்டு எங்களுக்கு நினைவு வரேல்லை. சொறி அன்ரி."

ஐயோ, அந்தப் பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்டது.

"குணம் மாமிக்கு ஏன் பிள்ளை அறிவிக்கேல்லை?" என்று ஒருமாதிரிக் கேட்டேன்.

"மாமிதானே ஒருத்தரும் அறிவிக்க வேண்டாம் எண்டு சொன்னவ. நானும் நிண்டனான். மாமி சொன்ன சொல்லை நாங்கள் மீறக்கூடாதெண்டு அம்மா சொல்லிட்டா." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்பா ஒவ்வொரு வருசமும் அதுக்குக் காசு கழிஞ்ச உடனை சந்தோசப்படுவார். அக்கான்ரை கடை இன்னும் ஒரு வருசம் திறந்திருக்கும் எண்டு சொல்லுவார்."

"அப்ப அதை அக்காவின்ரை பேருக்கு மாத்தி விட்டிருக்கலாமே?"

"நானும் கேட்டனான் அன்ரி. அந்தக் கோட் வேணுமெண்டு எண்டைக்காவது அக்கா போன் எடுப்பா, அந்தச் சாக்கிலை ரெண்டு வார்த்தை கதைக்கலாம் எண்டவர். பாத்துக்கொண்டே இருந்தவர்."

இன்றைக்கே புதுப்பித்து அந்தக் கோட்டை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள். ஒரு மெசேஜ். குணமக்கா ஏசினால் ஏசட்டும் என்று நான் களவாகவாவது ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம். ஊருக்கெல்லாம் நீளுகிற வாய், அங்கே நீளவில்லை.

படலை திறந்த சத்தம் கேட்டது. குணமக்கா. கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டம்.

"இந்தா பிள்ளை, திருநீறு பூசு. உன்ரை பேருக்கும் அர்ச்சனை செய்தனான். என்ன, கள்ளன் மறுமொழி போட்டானோ?"

"அக்கா, முதல்லை இருங்கோ."

"இருக்க நேரமில்லை. ஓட்டோ நிக்குது. சொல்லு."

எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உள்ளதைச் சொன்னேன். "கேதீஸ் அண்ணை மோசம் போட்டாராம்."

"ஆர் சொன்னது?"

"ஆரணி. இப்பதான் போன் எடுத்தவள்."

"எப்பவாம்? நேற்றோ?"

"சித்திரைக் கடைசியிலை."

குணமக்கா அழவில்லை. தட்டத்தை மெல்லக் கதிரையில் வைத்தார். "வைகாசி விசாகத்துக்கு நான் கோயில்லை பொங்கினனான்," என்றார். "எனக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. தம்பி செத்த துடக்கோடை பொங்கிப் படைச்சு, எல்லாருக்கும் என்ரை கையாலை பரிமாறினனான். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே! ஒரு சொல்லு சொல்லியிருக்கக்கூடாதோ? அப்பிடி என்ன நான்..."

அந்த இடத்தில் நின்றுவிட்டார். கை போய் வாயைப் பொத்தியது. நான் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை. அன்றைக்குத் தோட்டத்தில் தான் சொன்னது அவருக்கே நினைவு வந்துவிட்டது.

"கிணறு எங்கை?" என்று கேட்டார்.

"பின்னாலை. அக்கா, கொஞ்சம் இருந்திட்டு..."

"சாவைக் கேட்ட உடனை முழுகவேணும் பிள்ளை. எப்ப கேட்டாலும் முழுகவேணும்."

கோயிலுக்கு உடுத்த சேலையோடேயே கிணற்றடிக்குப் போனார். நான் அள்ளித் தருகிறேன் என்றதற்கு விடவில்லை. தானே வாளியை விட்டு அள்ளித் தலையில் ஊற்றினார். நெற்றித் திருநீறு கரைந்து கன்னத்தால் ஓடியது. மூன்றாவது வாளியோ நாலாவது வாளியோ, "தம்பி" என்று ஒரு குரல் வைத்தார். அடுத்த வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார்கள்.

துவாயோடு நான் தள்ளி நின்றேன். ஆரணி சொன்னதை எல்லாம் சொன்னேன். காசு கழிந்த சந்தோசத்தைச் சொன்னேன். கோட்டைக் கேட்டு அக்கா போன் எடுப்பா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு நினைத்தேன். ஆனால் அதை எனக்குள் வைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

என் தொலைபேசி சத்தம் போட்டது. ஆரணி கோட்டை அனுப்பியிருந்தாள். கீழே, மாமி எப்படி இருக்கிறா என்று ஒரு கேள்வி.

"கோட் வந்திட்டுதக்கா. கடை திரும்பி வந்திடும். உங்கடை பேருக்கே மாத்திவிடுறன்."

"மாத்து," என்றார். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "பிள்ளை, நாங்கள் எழுதினது. அதை அவன் வாசிக்கேல்லைத்தானே?"

"இல்லை அக்கா. ஆரணிதான் வாசிச்சவள்."

"கேதீசின்ரை பிள்ளை வாசிச்சுதோ?" அவர் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குத்தானே உந்த விசயம் எல்லாம் தெரியும். அதைத் திருப்பி எடுக்கேலுமோ?"

"ஏலாதக்கா," என்றேன்.

அவர் தலையாட்டினார். வாளியைத் திரும்பவும் கிணற்றுக்குள் விட்டார்.