கட்டிலுக்கு வெளியே இரண்டு பாதங்கள்

...ஆறடி உயரம் என்றல்லவா புகாரில் எழுதிக் கொடுத்திருந்தேன், இப்போது எதிரே இருப்பவனுக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையை எட்டவில்லை, இவனா என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தவன், சமரச மையத்து அம்மா அவனைப் பார்க்கிறார், என் தொந்தியைப் பார்க்கிறார், மறுபடி அவனைப் பார்க்கிறார்... நாற்பது வருஷம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தவன் நான், ஒரு யூனிட் கூட்டி எழுதியதில்லை, அடக்கி வைத்ததெல்லாம் ஓய்வு பெற்றதும் ஊற்றெடுத்துவிட்டது, முதலில் திருடன் கன்னத்தில் ஒரே ஒரு அறை விட்டான் என்றுதான் சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரர் வாயைப் பிளந்ததும் அது குத்துச்சண்டையானது, போலீஸ் ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் கத்தி முளைத்தது, ஸ்டேஷன் இன்னும் ஒரு தெரு தள்ளியிருந்தால் யானைமேல் வந்தான் என்றிருப்பேன்.

"அவர் உங்களை அடிச்சாரா சார்? அடிச்சிருந்தா இங்க பேசி முடிக்க முடியாது. ஜெயில்தான்."

என் வீட்டுக்குள் புகுந்து ரேடியோவை எடுத்ததை ஒப்புக்கொண்டுவிட்டான் இந்தப் பெயிண்டர், "வேலையில்லாம புத்தி கெட்டுப்போச்சுங்க, ஆனா யாரையும் தொடல" என்று ஒருமுறை சொன்னதோடு சரி... அன்று பட்டப்பகலில் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் பாதங்களைப் பார்த்தவன்தானே, பார்த்து ஒரு நிமிஷம் நின்றவன்தானே, அதைச் சொல்லித் தப்பிக்க வேண்டியதுதானே, ஏன் சொல்லவில்லை, பக்கத்தில் என் மனைவி இருக்கிறாள் என்றா? சொல்லித் தொலையேன்டா... சரி, இவன் சொல்லமாட்டான்.

"அடிக்கலம்மா. கத்தியும் இல்ல. நான் கட்டிலுக்கு அடியில கிடந்தேன். பெயிண்டரே, நீங்கதான் என்னை மன்னிக்கணும்."

"கால் தெரிஞ்சுது சார். எனக்கும் உதறல்தான்."

அவன் சிரித்துவிட்டான், நானும்தான், அந்த அம்மா பேனாவால் வாயை மறைத்துக்கொண்டார்... ரேடியோ திரும்பி வரும், நான்கு ஜன்னல் கம்பிகளுக்கும் அவன் பெயிண்ட் அடிப்பான், நான் ஏணியைப் பிடிப்பேன், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று, படியிறங்கும்போது பத்து கிலோ, இல்லை, ஐம்பது கிலோ குறைந்திருந்தேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் மனைவி. "பனியன் முதுகெல்லாம் ஒட்டடை."

"ஏன் சொல்லல?"

"அவ்வளவு ஆசையா சொல்லிட்டிருந்தீங்க. ஆனா கத்தி வரைக்கும் போவீங்கன்னு நினைக்கல."

அவள் குடையை விரித்து முன்னால் நடக்கிறாள், ஒருத்தன் காலைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை, ஒருத்தி முதுகைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை, நான்தான் எல்லோரையும் ஏமாற்றினேன் என்று... ஆமாம், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், அன்றைக்கு வாயைப் பிளந்தாரே, அது வியப்பா, கொட்டாவியா?