வேர்ஜீனியாவில் புகையிலை நட்டது யார்

1992 மாசி மாதம் லண்டனில் எங்கள் மாலைக் கல்லூரிச் சரித்திர வாத்தியார் என் கட்டுரைக்குப் பூச்சியம் போட்டார். பூச்சியம்! ஊரில் ஏழு வருடம் தொடர்ந்து சரித்திரத்தில் முதலாம் பிள்ளையாக வந்தவள் நான். கோபத்தில் காது இரண்டும் சுட்டது.

அமெரிக்கக் குடியேற்றங்களில் நிலமும் காலநிலையும் மக்களின் தொழிலையும் அடிமை முறையையும் எப்படி அமைத்தன என்பதுதான் கேள்வி. வாத்தியார் தந்த நோட்ஸை ஒரு கமா பிசகாமல் பாடமாக்கி அப்படியே எழுதிக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில் அதற்கு முழுப் புள்ளி கிடைக்கும். இந்த மனிசனோ, “தவமலர், இது நான் எழுதியது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார். நினைப்பதற்குத்தானே அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்? நான் ஏன் நினைக்க வேண்டும்?

ஆனால் இதில் பாஸ் பண்ணினால்தான் எனக்கு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி லோண்டரியில் ஊர்பேர் தெரியாதவர்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்தே என் சீவியம் முடியும். அவர் மனமிரங்கி இன்னொரு சந்தர்ப்பம் தந்தார். அடுத்த புதன்கிழமை, தாள் பார்க்காமல், வகுப்பின் முன் பத்து நிமிடம் பேச வேண்டும். பிறகு யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேள்விகளைத்தான் முன்கூட்டிப் பாடமாக்க வழியில்லை.

சரி, பார்க்கிறவர்களின் கண்ணைக் கட்டிவிடுவோம் என்று ஒரு பெரிய காட்போட் மட்டையில் அமெரிக்காவின் கிழக்குக் கரையை வரைந்தேன். வடக்கில், கல்லு நிலமும் குறுகிய கோடையும் உள்ள நியூ இங்கிலாந்தில், தோட்டத்துக் கற்களையும் நெத்தலிக் கருவாட்டையும் ஒட்டினேன். நடுவில் வேர்ஜீனியாவுக்குப் புகையிலைத் துண்டு. தெற்கே, கரோலைனாவின் சேற்று நிலத்துக்கு ஒரு பிடி பச்சையரிசி.

பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் குலசேகரம் மூக்கைப் பொத்தினார். “இஞ்சாரும், இது சமையலோ படிப்போ?”

“ரெண்டும்தான். தள்ளி நில்லுங்கோ.”

புதன்கிழமை நோர்பரியில் 109 பஸ்ஸில் ஏறி மட்டையோடு இருந்தேன். இரண்டு தரிப்பு போவதற்குள் பக்கத்து வெள்ளைக்கார அம்மா எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் குளிரிலும் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை.

பேச்சு பிரமாதமாகப் போனது. வடக்கில் பயிர் விளையாது, ஆகவே மீன், கப்பல், வியாபாரம். நடுவில் புகையிலை, தெற்கில் நெல். இரண்டுக்கும் ஓயாமல் கைகள் தேவை, ஆகவே அடிமைகள். பேச்சு போன உற்சாகத்தில் நோட்ஸில் இல்லாத ஒன்றையும் அவிழ்த்துவிட்டேன். “புகையிலையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கள் வீட்டில் வருடம் நாலாயிரம் கன்று நட்டோம்.”

முன்வரிசையில் பியற்றிஸ் கையைத் தூக்கினாள். ஜமேக்காவில் பிறந்து பிரிக்ஸ்டனில் வளர்ந்தவள், நர்சுகளுக்கு உதவியாள், வாய்க்காரி. எழும்பி வந்து கருவாட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“வடக்கு இதை யாருக்கு விற்றது?”

“சாப்பிடுகிறவர்களுக்கு.” வகுப்பு சிரித்தது.

“பழுது மீனைக் கரீபியன் தீவுகளுக்கு அனுப்பினார்கள். கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு. அதாவது என் ஆட்களுக்கு. கல்லு நிலத்துக்காரரும் சுத்தமில்லை.” பிறகு என்னைப் பார்த்தாள். “நாலாயிரம் கன்றை நீங்களா நட்டீர்கள்? கையைக் காட்டுங்கள்.”

காட்டினேன். லோண்டரித் தழும்பு இருந்தது. புகையிலைத் தழும்பு இல்லை. பாடமாக்கிய எதுவும் உதவிக்கு வரவில்லை.

“நான் நடவில்லை. என் அப்பாவும் ஒரு நாள்கூடக் குனியவில்லை,” என்றேன். “நட்டது வேறு ஆட்கள். தண்ணீர் இறைத்தது, முளை கிள்ளியது, இலைக்குப் புகை போட்டது எல்லாம் அவர்கள்தான். அவர்கள் அடிமைகள் இல்லை, கூலி கொடுத்தோம். ஆனால் எங்கள் வீட்டுக் கிணற்றில் அவர்களை அள்ள விடமாட்டோம். தேத்தண்ணியைச் சிரட்டையில்தான் ஊற்றிக் கொடுப்போம், படலைக்கு வெளியே வைத்து. அதற்குப் பிறகும் நாங்கள் நட்டோம் என்றுதான் சொல்வோம். மண் எது விளையும் என்று மட்டும்தான் சொல்கிறது, சேர். யார் குனிய வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதை நாங்கள்தான் சொன்னோம்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. பியற்றிஸ் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்த் தன் இடத்தில் இருந்தாள். வாத்தியார் அறுபத்தெட்டு போட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும், “பாஸ்!” என்று கத்தினேன். குலசேகரம் துள்ளி எழும்பினார். முழுக் கதையும் கேட்டபிறகு முகம் சுருங்கியது.

“சிரட்டைக் கதையையுமோ சொன்னனீர்? வெள்ளைக்காரருக்கு முன்னால எங்கட மானத்தை வித்துப்போட்டு வந்திருக்கிறீர்.”

“அதைச் சொன்னதுக்குத்தான் பாஸ் போட்டவர். நோட்ஸ் சொன்னதுக்குப் பூச்சியமெல்லோ? சரி, மானத்தை விடுங்கோ. உங்கட வீட்டிலயும் புகையிலைதானே. அந்தத் தோட்டத்தில வேலை செய்த ஆரின்ரயும் பேர் ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்.”

அவர் விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். “கட்டையன் எண்டு ஒருத்தன்...”

“அது நீங்கள் வைச்ச பட்டம். பேர்?”

அவருக்குத் தெரியவில்லை. எங்கள் தோட்டத்து ஆட்களின் பேர் எனக்கும் தெரியவில்லை. ஐந்நூறு பக்கம் பாடமாக்கின மண்டையில் அது இல்லை.

கொழும்பில் இருக்கிற, எங்கள் இரண்டு வீட்டையும் அறிந்த பெரியம்மாவுக்கு ஏரோகிராம் எடுத்து எழுதத் தொடங்கினேன். நான் பாஸ், வாத்தியாராகப் போறன், எங்கட தோட்டம் செய்த ஆக்களின்ர பேர் ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்புங்கோ. ஒட்டப் போகும்போது குலசேகரம் தாளை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்து, தன் பேனையைத் திறந்தார்.

“பொறும். என்ர ஐயாவின்ர தோட்டத்து ஆக்களின்ர பேரையும் கேக்கிறன்.”