அஜ்லூனின் நாற்பத்தொரு பெண்கள்

மூன்று மதிப்பீட்டாளர்களில் இரண்டு பேர், புதைனாவுக்குப் பேராசிரியர் பதவி தரலாம் என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது ஆள் கழுத்தை அறுத்துவிட்டார். எழுதியவர் பெயரை மறைத்துக் கொடுத்த அந்த அறிக்கையை இர்பித் நகரில் தன் கல்லூரி வாசலில், காருக்குள் உட்கார்ந்தே படித்தாள் புதைனா. இருபத்திரண்டு வருடமாக அவள் செய்தது ஒரே வேலை. அரசாங்கம் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிய பிறகும் ஜனங்கள் ஏன் அலுவலக வாசலிலேயே வந்து நிற்கிறார்கள் என்று தேடியதுதான் அது. அதையே பித்தலாட்டம் என்று எழுதியிருந்தார் அந்த ஆள்.

"அஜ்லூன் பதிவு அலுவலகத்தில் நாற்பத்தொரு பெண்கள் கருவியைத் தொடவே இல்லை. பதில்களை அழுத்தியது ஆய்வாளரின் விரல். கட்டுரையில் இது மறைக்கப்பட்டிருக்கிறது."

நடந்தது நிஜம்தான். கேள்விகள் இருந்த டேப்லெட்டை அந்தப் பெண்கள் அவள் மடியிலேயே திருப்பி வைத்து, "நான் சொல்றேன், நீயே அழுத்தும்மா. தப்பாயிட்டா என் தலையில விழும்" என்றார்கள். சொன்னதைச் சொன்னபடி அழுத்தினாள், ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஆனால் நாற்பத்தொன்று என்ற எண்ணிக்கை உலகத்தில் இன்னும் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் நுஹாத். முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது ஒரே அறையில் தங்கிய சிநேகிதி, இப்போது தலைநகர் அம்மானில் வேறொரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியை.

ஜனங்களுக்குப் பயம் இயந்திரத்தின் மேல் இல்லை, தப்பு தங்கள் தலையில் விழுவதன் மேல்தான், இதைத்தான் முதலில் எழுதப்போகிறேன் என்று அன்றைக்குப் புதைனா குதித்தாள். தடுத்தவளும் நுஹாத்தான். எழுதாதே, அதையே ஓட்டை என்று பிடித்துக்கொள்வார்கள் என்றாள். அவள் பேச்சைக் கேட்டுத்தான் கட்டுரையிலிருந்து அந்தப் பத்தியை நீக்கினாள் புதைனா.

அந்த மூன்றாவது ஆள் நுஹாத்தான், கூட இருந்தே குழி பறித்திருக்கிறாள். அரசின் மின்சேவைக் குழுவில் ஒரு பேராசிரியருக்கு இடம் காலி. நுஹாத்துக்கு அதன்மேல் கண். புதைனாவும் பேராசிரியை ஆகிவிட்டால் போட்டிக்கு வந்துவிடுவாள். இத்துனூண்டு இடத்துக்காகவா!

பேச வேண்டும், வருகிறேன் என்று மட்டும் போனில் சொல்லிவிட்டு, மாலையே அம்மானுக்கு வண்டியை விட்டாள். விஷயத்தைச் சொன்னதும் நுஹாத் கட்டிக்கொண்டாள். எந்தப் பாவி இப்படி எழுதினான் என்று கண்ணைக்கூடத் துடைத்தாள். என்ன நடிப்பு! ஏலக்காய் மணக்கக் காபி வந்தது. புதைனா கோப்பையை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தாள். கேட்டு வந்தது நடக்கும்வரை விருந்தாளி காபியைத் தொடமாட்டார் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

"என்னடி, என்கிட்டயே கேக்க வந்திருக்கியா? முதல்ல குடி. உனக்கு மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

"அந்த அறிக்கைக்கு ஆட்சேபணை எழுதிக் கல்லூரிக்கு அனுப்பணும். நான் சொல்றேன், நீ அழுத்து."

டேப்லெட்டை நுஹாத்தின் மடியில் வைத்தாள். அஜ்லூனில் அழுத்தியது நான்தான், நாற்பத்தொரு பேருக்கு அழுத்தினேன், அதை மறைத்தது என் தவறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதுவரை நுஹாத்தின் விரல் தங்குதடையில்லாமல் ஓடியது.

"மறைக்கச் சொன்னது டாக்டர் நுஹாத். நாற்பத்தொண்ணுங்கிறது என்னைத் தவிர அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

விரல் நின்றுவிட்டது. நான் இல்லை என்று நுஹாத் சத்தியம் செய்வாள், சண்டைக்கு வருவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தாள் புதைனா. அவள் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. அதைத்தான் புதைனாவால் தாங்கமுடியவில்லை.

"இதை அனுப்பினா உனக்கும் பதவி கிடைக்காதுடி. மறைச்சேன்னு நீயே ஒத்துக்கிற."

"தெரியும். அழுத்து."

"என்னால முடியாது. இது என் தலையில விழும்."

புதைனா டேப்லெட்டை வாங்கிக்கொண்டாள். அஜ்லூன் பெண்களுக்கு அழுத்திக் கொடுத்த அதே விரலால் மிச்சத்தையும் அழுத்தி அனுப்பினாள். பேராசிரியர் பதவி அதோடு போயிற்று. புதைனா எழுந்தாள். காபியையாவது குடித்துவிட்டுப் போடி என்று பின்னாலேயே வாசல்வரை வந்தாள் நுஹாத். வைத்த இடத்தில் கோப்பை நிறைய அப்படியே இருந்தது.